ஞானப்பல் ஈறு வீங்கினால் முதலில் மாத்திரையா?

கீழ்த்தாடையின் கோடியில் ஞானப்பல் முளைக்கிற வயது பெரும்பாலும் 17 முதல் 25. அந்த வயதில் பலருக்கு அந்தப் பல்லின் மேலிருக்கும் ஈறு வீங்கிவிடுகிறது. வாயைத் திறக்க வலிக்கும், எச்சில் விழுங்க வலிக்கும், வாயில் கெட்ட வாடை அடிக்கும், வலி காதுவரை ஏறும். புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பத்தில் ஒருவருக்கு இப்படி வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். கடலூர் ரோட்டோரம் ஏதாவது ஒரு மெடிக்கலில் போய் நிற்பார். அமாக்சிசிலின் ஒரு பட்டை, மெட்ரோனிடசோல் ஒரு பட்டை, வலிக்கு ஒன்று என்று மூன்று நாளைக்கு வாங்கி வருவார். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எங்கும் உள்ள வழக்கம்தான் இது. வலி குறைந்ததும் மிச்ச மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். சில மாதம் கழித்து அதே இடம் மறுபடி வீங்கும், மறுபடி அதே மாத்திரை. இந்தச் சுற்று ஏன் முடியவே மாட்டேன் என்கிறது? கிருமி வந்தது, கிருமியைக் கொன்றோம் என்று நாம் கணக்குப் போடுகிறோம், அந்தக் கணக்கு தப்பு என்பதே என் வாதம். அங்கே வீக்கத்தையும் சீழையும் உண்டாக்குவதில் கிருமிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதற்குக் குறையாத பங்கு நம்முடைய வெள்ளையணுக்களுக்கும் உண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் அடைத்துவைத்திருப்பது அந்த ஈறின் அமைப்பு. அந்த இடத்தைச் சுத்தம் செய்வதுதான் முதல் வைத்தியம், மாத்திரை இரண்டாவது, அதுவும் சிலருக்கு மட்டும்.

பல் முளைப்பது உடம்பில் வேறெங்கும் நடக்காத ஒரு காரியம். தோல், குடலின் உட்சவ்வு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் இடைவெளி இல்லாமல் மூடியவை. அவற்றின் மேலடுக்குச் செல்கள் ஓயாமல் உதிர்கின்றன, ஒட்டியிருக்கும் கிருமிகளும் அவற்றோடு சேர்ந்து உதிர்ந்து போகின்றன. பல்லின் எனாமல் உதிர்வதே இல்லை. அதில் ஒட்டியது, தேய்த்து எடுக்கும்வரை அடுக்கடுக்காக வளர்ந்துகொண்டே இருக்கும். உதிராத இந்தக் கடினப் பொருள் உதிரும் சவ்வைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். முளைக்கும் பல்லைப் போர்த்திய செல் அடுக்கும் வாயின் மேலடுக்குச் செல்களும் ஒன்றாக இணைந்து, நடுவில் மட்டும் செத்து வழிவிடுகின்றன. அதனால் பெரிதாக ரத்தம் வராமலே பல் மேலே ஏறிவிடுகிறது. ஏறிய பின் அந்தச் செல்களே பல்லின் கழுத்தைச் சுற்றி மெல்லிய பட்டையாக ஒட்டிக்கொள்கின்றன. இந்தப் பட்டையில் செல்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். ஈறுக்குள்ளிருந்து வெள்ளையணுக்கள் அதன் வழியே எளிதாக வெளியே வர முடிகிறது. ஆக, முளைத்த ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் உடம்பு ஒரு திறந்த வழியை வைத்துக்கொண்டு, அதை எந்நேரமும் காவல் காக்கிறது.

மற்ற பற்கள் சில மாதங்களில் ஏறி முடித்துவிடும். 6 வயதில் வரும் முதல் பெரிய கடைவாய்ப்பல்லின் மேல்கூடச் சில குழந்தைகளுக்கு ஈறு வீங்குவதுண்டு, பல் முழுக்க ஏறியதும் சரியாகிவிடும். ஞானப்பல்லுக்குத்தான் தாடையில் இடம் போதாமல் போகிறது. சாய்ந்தோ படுத்தோ பாதியில் நின்றுவிடும். அதன் மேல் ஈறின் ஒரு மடல் மூடியபடியே கிடக்கும். மடலுக்கும் பல்லுக்கும் நடுவில் உணவுத் துணுக்கு போகும், வெளியே வராது. பிரஷ் நுழையாது. எச்சிலின் ஓட்டம் உள்ளே எட்டாது. உள்ளே ஆக்சிஜன் மெல்ல மெல்லக் குறையும். அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முகத்துவாரத்தைத் தூர்வாராமல் உள்ளே என்ன செய்தாலும் பயனில்லை. ஞானப்பல் மடலின் நிலையும் அதுதான்.

அந்த மடலுக்கு அடியிலிருந்து எடுத்த மாதிரிகளில் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் காண்பது ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்களை: பிரிவோடெல்லா, ஃபியூசோபாக்டீரியம், பார்விமோனாஸ், சுருள் வடிவ டிரெபோனிமாக்கள். கூடவே சில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும் இருக்கும். இவற்றில் எதுவும் வெளியூரிலிருந்து வந்த தொற்று இல்லை. ஆரோக்கியமான வாயிலும் இவை கொஞ்சம் கொஞ்சம் இருக்கவே செய்கின்றன. காலராவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். காலராவில் ஒரு கிருமி வெளியே இருந்து உள்ளே வருகிறது. இங்கே ஏற்கெனவே குடியிருக்கிற கூட்டத்தில், இடம் மாறியதால் சிலரின் கை ஓங்குகிறது. பிரிவோடெல்லா வளர்வதற்கு ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீம் பெரிதும் உதவுகிறது. ஃபியூசோபாக்டீரியம் மற்ற பாக்டீரியாக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடுக்கைக் கட்டுகிறது. ரத்தம் கசியும் ஈறு இவற்றுக்குச் சோறு போடுகிறது. அப்படியானால் ஈறை ரத்தம் கசிகிற அளவுக்குப் புண்ணாக்கியது யார் என்ற கேள்வி வருகிறது. இங்கேதான் வெள்ளையணுக்கள் கதைக்குள் வருகின்றன.

அவற்றில் முக்கியமானவை நியூட்ரோபில்கள். எலும்பு மஜ்ஜை தினமும் கோடிக்கணக்கில் இவற்றை உண்டாக்கி அனுப்புகிறது. ஈறு நன்றாக இருக்கும் வாயில்கூட நிமிடத்துக்கு ஏறத்தாழ 30,000 வெள்ளையணுக்கள் பல்லைச் சுற்றியுள்ள பட்டை வழியே வாய்க்குள் வந்து சேர்கின்றன என்று 1970ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. காவல் இல்லாத நேரம் என்று ஒன்று அங்கே கிடையாது. இந்தக் காவலைத் தூண்டுவது கிருமி மட்டும்தானா? 2017ல் அமெரிக்காவின் தேசிய பல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள் எலிகளை வைத்து ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள். கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் ஈறிலும் டிஎச்17 எனப்படும் நோய் எதிர்ப்பு செல்கள் வயது ஏற ஏறச் சேர்ந்தன. மென்மையான தீவனம் கொடுத்தபோது குறைந்தன, ஈறில் உரசலைக் கூட்டியபோது கூடின. மெல்லும்போது ஈறில் ஏற்படும் சிறு காயமே அவற்றை வரவழைத்தது. ஞானப்பல் மடலுக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். வீங்கிய மடலை மேல்தாடைப் பல் ஒவ்வொரு மெல்லலிலும் கடித்து நசுக்குகிறது. கிருமி ஒரு பக்கம் அழைக்க, காயம் இன்னொரு பக்கம் அழைக்க, வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்கின்றன.

வந்தவை என்ன செய்கின்றன? கிருமியை விழுங்கிக் கொல்லும். நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் சேர்மங்களை வெளியே விடும், ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும், மடலுக்கு அடியிலோ அது பற்றாக்குறை. எலாஸ்டேஸ், கொலாஜனேஸ் போன்ற நொதிகளைக் கொட்டும். 2004ல் பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கண்டறிந்தபடி, தங்கள் டிஎன்ஏவையே இழையாக வெளியே விரித்து அதில் கிருமிகளைச் சிக்கவைத்துச் சாகவும் செய்யும். திறந்த ஈறில் இவையெல்லாம் எச்சிலோடு கழுவிப் போய்விடும். மூடிய மடலுக்கு அடியில் எல்லாம் அங்கேயே தேங்கும். கொலாஜனைக் கரைக்கும் நொதிக்குக் கிருமியின் புரதம் எது, நம் ஈறின் கொலாஜன் எது என்று பிரித்தறியத் தெரியாது. ஈறு கரைகிறது, ரத்தம் கசிகிறது, புரதத் துணுக்குகள் சேர்கின்றன. பிரிவோடெல்லாவும் அதன் கூட்டாளிகளும் இவற்றைத் தின்று பெருகுகின்றன. பெருகியதால் இன்னும் வெள்ளையணுக்கள் வருகின்றன. சீழ் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி செத்த நியூட்ரோபில்கள்தான்.

வெள்ளையணுவின் பங்கு இவ்வளவு பெரியது என்பதற்குச் சான்று எங்கே என்று கேட்பது நியாயம். இரண்டு அபூர்வ நோய்கள் அதற்குப் பதில் சொல்கின்றன. முதலாவது, 1924ல் பாப்பியோன், லெஃபெவ்ர் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துப்போன குழந்தைகளுக்குப் பால்பல் முளைத்த கையோடு ஈறு சிவந்து வீங்கும், 4, 5 வயதுக்குள் பால்பற்கள் ஆடி விழுந்துவிடும். பல் விழுந்ததும் ஈறு தானாக ஆறிவிடும். நிலைப்பற்கள் முளைத்ததும் மறுபடி அதே கதை. கதெப்சின் சி என்ற நொதிக்கான மரபணுவில் கோளாறு என்று 1999ல் தெரியவந்தது. நியூட்ரோபிலின் ஆயுதங்களைச் செயல்படவைப்பது அந்த நொதி. தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும் என்பதால், மாமன் மகள், அத்தை மகன் உறவில் கல்யாணம் செய்யும் நம்மைப் போன்ற சமூகங்களில் இதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். காவல் பழுதானால் பல் முளைக்கும் வழியே நோயாகிறது, பல் போனால் நோயும் போகிறது. இதைவிடத் தெளிவாக அந்த இடத்தின் முக்கியத்துவத்தைக் காட்ட முடியாது.

இரண்டாவது நோய் நம் கணக்கையே புரட்டிப் போடுகிறது. பிறவியிலேயே சில குழந்தைகளின் நியூட்ரோபில்களால் ரத்தக் குழாயை விட்டு வெளியேறித் திசுவுக்குள் போக முடியாது. இவர்களுக்கும் ஈறும் பல்லைத் தாங்கும் எலும்பும் சின்ன வயதிலேயே கரைந்துபோகும். காவலாளி வரவில்லை, அதனால் கிருமி புகுந்துவிட்டது என்றுதான் வெகுகாலம் எண்ணினார்கள். ஆண்டிபயாடிக் கொடுத்தும் நிற்கவில்லை. 2014ல் இவர்களின் ஈறை ஆராய்ந்தபோது, கிருமிகள் பெரும்பாலும் பல்லின் மேல்தான் இருந்தன, திசுவுக்குள் படையெடுக்கவில்லை. ஈறுக்குள் இன்டர்லூக்கின் 17 என்ற அழற்சிச் சமிக்ஞை மட்டும் கட்டுமீறிக் கிடந்தது. நியூட்ரோபில்கள் திசுவுக்குள் வந்து செத்து அப்புறப்படுத்தப்படும்போதுதான் ‘போதும்’ என்ற செய்தி கிடைக்கிறது. அவை வராததால் அந்தச் செய்தியும் வரவில்லை. 2017ல் இப்படிப்பட்ட ஒரு நோயாளிக்கு அந்தச் சமிக்ஞையின் மூலத்தைத் தடுக்கும் உஸ்டெகினுமாப் என்ற மருந்தைக் கொடுத்தபோது ஈறின் அழற்சி அடங்கியது. கிருமியைக் கொல்லும் மருந்து சாதிக்காததை, உடம்பின் எதிர்வினையைத் தணிக்கும் மருந்து சாதித்தது.

இவை ஞானப்பல் வீக்கம் இல்லையே, வேறு நோய்கள்தானே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஞானப்பல்லுக்கு உஸ்டெகினுமாப் கொடுக்கச் சொல்லவில்லை, அப்படி நினைப்பதே ஆபத்து. நான் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: பல்லைச் சுற்றியுள்ள ஈறு கெடும்போது கிருமியை எண்ணிப் பார்ப்பது மட்டும் போதாது, உடம்பின் பதில் அடங்குவதற்கு வழி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதே பட்டை, அதே நியூட்ரோபில்கள்தான் ஞானப்பல் மடலுக்கு அடியிலும் இருக்கின்றன. அங்கே பதில் அடங்க வேண்டுமானால் தேங்கியது வெளியேற வேண்டும்.

சரி, மாத்திரை போட்டால் குறைகிறதே? இதுதான் மெடிக்கலுக்குப் போகிறவர்களின் பலமான வாதம், இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மெட்ரோனிடசோல் ஆக்சிஜன் இல்லாத இடத்துக் கிருமிகளுக்கு மிகப் பொருத்தமான மருந்து, அதன் வரலாறே ஈறோடு பின்னிக்கிடக்கிறது. பிரான்சின் ரோன்-புலாங்க் நிறுவனம் 1950களின் கடைசியில் பெண்களுக்கு வரும் டிரைக்கோமோனாஸ் தொற்றுக்காக உருவாக்கிய மருந்து அது. அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்குக் கூடவே இருந்த ஈறுப் புண்ணும் ஆறிவிட்டதை ஷின் என்ற பல் மருத்துவர் 1962ல் லான்செட் இதழில் எழுதினார். வயிற்றுப்போக்குக்கு நாம் பிளாஜில் என்று கேட்டு வாங்கும் அதே மருந்து ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்களையும் கொல்லும் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். அதனால் குறையவே குறையாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இந்த நோய் மாத்திரை இல்லாமலும் ஏறி இறங்கும் சுபாவம் உள்ளது. சளி, தூக்கமின்மை, பரீட்சை நெருக்கடி வரும்போது ஏறும், சீழ் தானே வழிந்துவிட்டால் இறங்கும். மூன்றாம் நாள் இறங்கியதற்கான பெயர் முழுவதையும் மாத்திரை தட்டிக்கொண்டு போகிறது. தவிர, அடுக்கடுக்காக ஒட்டி வளரும் கிருமிக் கூட்டத்துக்குள்ளும் சீழ் தேங்கிய இடத்துக்குள்ளும் மருந்து போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. பிரிவோடெல்லாவில் பல இனங்கள் அமாக்சிசிலினை உடைக்கும் நொதியை வைத்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, மடல் அப்படியே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட ஆண்டிபயாடிக் கையேடும் பல் சார்ந்த தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பல் மருத்துவரின் கைவேலைதான் முதல் சிகிச்சை, ஆண்டிபயாடிக் பெரும்பாலும் தேவையில்லை என்றே சொல்கிறது.

இரண்டாவது வாதம் பயத்திலிருந்து வருவது: கழுத்துக்கு இறங்கிவிட்டால்? இந்தப் பயம் முற்றிலும் நியாயமானது. கீழ் ஞானப்பல்லின் வேர்நுனி, நாக்குக்கு அடியில் தளம்போல் விரிந்திருக்கும் தசை தாடையில் ஒட்டும் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து தொற்று நேராகத் தாடைக்கு அடியிலும் தொண்டையைச் சுற்றியும் பரவ வழி இருக்கிறது. 1836ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த, மூச்சை அடைத்துக் கொல்லும் கழுத்து வீக்கம் இப்படித்தான் வருகிறது. காய்ச்சல், தாடைக்கு அடியில் வீக்கம், விழுங்க முடியாமை, வாய் திறக்க முடியாமை இருந்தால் ஆண்டிபயாடிக் கட்டாயம் வேண்டும், சில சமயம் ஆஸ்பத்திரியில் ஊசியாகவே வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கும் இன்னும் முன்கூட்டியே வேண்டும். ஆனால் இந்த வாதம் மெடிக்கலுக்குப் போவதற்கு ஆதரவாக இல்லை, எதிராகவே இருக்கிறது. பரவத் தொடங்கியவருக்கு மூன்று நாள் மாத்திரை காய்ச்சலையும் வலியையும் மறைத்து, கைவேலை தேவைப்படும் நேரத்தைத் தள்ளிப்போடும்.

அப்படியானால் ஞானப்பல்லை முளைத்ததுமே பிடுங்கிவிடலாமே என்பவர்களும் உண்டு. அதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000ல் கொடுத்த வழிகாட்டுதல் இதில் எனக்குச் சரியாகப் படுகிறது: தொந்தரவு இல்லாத ஞானப்பல்லை எடுக்க வேண்டாம், முதல் முறை வந்த வீக்கம் கடுமையாக இல்லாவிட்டால் அதற்காகவும் எடுக்க வேண்டாம், இரண்டாவது முறை வந்தால் எடுப்பது நியாயம். கீழ்த்தாடை நரம்பு அந்தப் பல்லின் வேருக்கு மிக அருகில் ஓடுகிறது. எடுக்கும்போது அது அடிபட்டால் உதடு மரத்துப்போகலாம். காரணம் இருந்தால் அந்த ஆபத்தை ஏற்கலாம், காரணமில்லாமல் ஏன்?

நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் கஷாயம், பொடி என்று விற்பவர்களுக்கும் மேலே சொன்னதிலேயே பதில் இருக்கிறது. மடலுக்கு அடியில் எதிர்ப்பு குறைந்து போகவில்லை, அடங்க வழியில்லாமல் நிற்கிறது. கிராம்பு வலியை மரக்கவைக்கும், அவ்வளவுதான். புகைப்பதும் ஹான்ஸ் புகையிலை அடக்குவதும் ஈறின் ரத்த ஓட்டத்தையும் வெள்ளையணுவின் வேலையையும் உண்மையிலேயே கெடுக்கின்றன. எதிர்ப்புச் சக்தி மேல் அக்கறை உள்ளவர்கள் அங்கிருந்து தொடங்கலாம். எதிர்ப்புச் சக்தி பற்றிய பேச்சு வந்ததால், பல் முளைப்பதால்தான் கைக்குழந்தைக்குக் காய்ச்சலும் பேதியும் வருகிறது என்ற நம்பிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016ல் வந்த மதிப்பீட்டின்படி ஈறு அரிப்பு, எச்சில் வடிதல், சிணுங்கல் உண்டு, உடம்புச் சூடு லேசாகக் கூடலாம், காய்ச்சல் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. 6 மாத வாக்கில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் குறைகின்றன, குழந்தை கண்டதையும் வாயில் வைக்கிறது, அதே சமயத்தில் பல்லும் வருகிறது. பல்லின் மேல் பழியைப் போட்டுவிட்டு உண்மையான தொற்றைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது.

கடைசியாக இருப்பது காசும் நேரமும். கூலி வேலைக்குப் போகிறவரைப் பார்த்து மெடிக்கலுக்குப் போகாதே என்று மட்டும் சொல்வது அறமாகாது. அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்துகள் என்பது சட்டம். ஆனால் சட்டத்தைச் சொன்னால் வலி போகாது. வலி போகப் பல் ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் அங்கே போகத் தோன்றும். பல் மருத்துவர் மடலுக்கு அடியில் மழுங்கிய ஊசியால் உப்புநீரோ குளோர்ஹெக்சிடினோ பீச்சிக் கழுவுவார், தேங்கியதை வெளியேற்றுவார், தேவைப்பட்டால் மடலை நசுக்கும் மேல்பல்லின் முனையைத் தேய்ப்பார் அல்லது அந்தப் பல்லை எடுப்பார். பெரும்பாலும் சில நிமிட வேலைதான், கிருமி, நொதி, செத்த அணு, உணவுத் துணுக்கு எல்லாம் சேர்ந்தே வெளியேறும். வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் அடிக்கடி கொப்பளித்து, வலித்தாலும் சின்ன பிரஷால் அந்த மூலையைத் தேய்த்து வந்தால் அதே சுத்தம் நீடிக்கும். மெட்ரோனிடசோல் எழுதிக் கொடுத்திருந்தால் அது முடியும்வரையும், முடிந்த பின் சில நாளும் மது தொடக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை இருக்கிறது. சாராயம் மலிவாகக் கிடைக்கும் நம் ஊரில் இதைச் சத்தமாகவே சொல்ல வேண்டும்.

அரியாங்குப்பத்திலிருந்து பல் ஆஸ்பத்திரி தூரமில்லை. கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் தாண்டிப் போனால் பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரத்துப் பக்கம் போனால் கோரிமேட்டில் புதுச்சேரி அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனமும் ஜிப்மரின் பல் பிரிவும் இருக்கின்றன. முதல் வீக்கத்திலேயே ஒரு தடவை போய் மடலைக் கழுவிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது தடவை வந்தால் பல்லை எடுப்பதா என்று கேளுங்கள். வாயில் இரண்டு விரல் நுழையவில்லை, கழுத்து வீங்குகிறது, காய்ச்சல் அடிக்கிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்று ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.